தென்னை ஏறுவோர் பாதுகாப்பு: தோப்பு உடையவர் அறிய வேண்டியவை

தென்னைக்கு எத்தனை கிலோ எரு இட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் பாய்ச்ச வேண்டும் என்பதெல்லாம் உழவர்கள் நன்கு அறிந்தவை. வண்டு தாக்கினாலும் குரும்பை உதிர்ந்தாலும் உடனே வழி தேடுகிறார்கள். ஆனால் அந்தத் தோப்பில் காய் பறிக்க மேலே ஏறும் மனிதனின் பாதுகாப்பைப் பற்றி அந்த அளவுக்குச் சிந்திப்பதில்லை. மரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால் 'அவர் விதி அப்படி' என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாக உள்ளது. இது சரியன்று. மரத்திலிருந்து விழுவதற்குத் திட்டமான காரணங்கள் உண்டு. அக்காரணங்களில் பெரும்பாலானவற்றை மரத்தில் கால் வைக்கும் முன்பே, தரையிலேயே நீக்கிவிடலாம்.

திருப்பூர்ப் பகுதியின் நிலை

2009ஆம் ஆண்டில் உருவான திருப்பூர் மாவட்டத்தில் உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் பகுதிகள் தென்னைக்குப் பெயர் பெற்றவை. அமராவதிப் பாசனமும் பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனமும் இத்தோப்புகளுக்கு உயிர் கொடுக்கின்றன. காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்துள்ளன. தாராபுரம், காங்கயம் பக்கத்து வானம் பார்த்த நிலங்களின் வரப்புகளில் பனை நிற்கிறது.

இம்மரங்களில் ஏறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று பனியன் கம்பெனிகளில் டைலராகவும், கட்டிங், செக்கிங், அயர்னிங் வேலையிலும் இருக்கிறார்கள். அதில் வியப்பில்லை. கம்பெனி வேலை கூரையின் கீழ் நடக்கிறது. வாரம் தவறாமல் சம்பளம் கிடைக்கிறது. முறையாகப் பதிவு பெற்ற கம்பெனியில் கையில் ஊசி ஏறினாலும் விரல் நசுங்கினாலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. மரம் ஏறுபவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. 1987 முதல் தமிழகத்தில் கள் இறக்கத் தடை இருப்பதால், மரம் ஏறும் பழக்கமும் குறைந்துகொண்டே வந்துள்ளது.

இதனால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டுள்ளன. ஒன்று, எஞ்சியுள்ள மரமேறிகள் வயது முதிர்ந்தவர்களாக இருக்கிறார்கள். முன்பு மூன்று பேர் ஏறிய தோப்பில் இப்போது ஒருவரே நாள் முழுதும் ஏற வேண்டியுள்ளது. மற்றொன்று, ஆள் கிடைக்காத சிறு உழவர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாமே ஏறத் துணிகிறார், அல்லது வீட்டில் உள்ள இளைஞனை ஏற்றிவிடுகிறார். பழக்கம் இல்லாதவர் முறையான கருவியும் இல்லாமல் ஏறுவதே இன்று பெரும் ஆபத்தாக உள்ளது.

உயரத்தின் கணக்கு

ஒரு ஏக்கரில் 25 அடி இடைவெளியில் நடப்பட்ட தென்னை ஏறத்தாழ 70 மரங்கள் இருக்கும். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் ஆண்டுக்கு 8 வெட்டு. அதாவது ஓராண்டில் 560 முறை ஏறி இறங்க வேண்டும். மரம் 50 அடி உயரம் எனக் கொண்டால் மொத்தம் 28,000 அடி ஏற்றம். எவரெஸ்டு சிகரத்தின் உயரம் 29,032 அடி. ஒரே ஒரு ஏக்கர் தோப்புக்காக மரமேறி ஓராண்டில் ஏறுவது, கடல் மட்டத்திலிருந்து உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு ஏறுவதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். அதே உயரத்தை அவர் இறங்கவும் வேண்டும்.

50 அடி உயரத்திலிருந்து கை நழுவினால் தரையைத் தொட ஏறத்தாழ ஒன்றேமுக்கால் விநாடியே ஆகும். மட்டையைத் தாவிப் பிடிக்கவோ உடலைத் திருப்பிக்கொள்ளவோ அந்த நேரம் போதாது. தரையில் மோதும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஓடும் பஸ்ஸிலிருந்து குதிப்பதற்கு இது சமம். 'இது சின்ன மரம்தானே' என்று எண்ணுவதும் தவறு. 20 அடியிலிருந்து விழுந்தாலும் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கும். முதுகெலும்பு முறிய அதுவே போதும்.

விழுவது எந்த இடத்தில்?

தண்டில் ஏறும்போது மரமேறி இரு கைகளாலும் மரத்தைத் தழுவியிருக்கிறார். கால்களில் தளை இருக்கிறது. உடல் மரத்தோடு ஒட்டியிருக்கிறது. தண்டை விட்டுக் கொண்டைக்குள் நுழையும் இடமே மிகவும் ஆபத்தானது. அங்கே அவர் தண்டை விட்டுவிட்டு மட்டையைப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் குலைகளும் பாளைகளும் வழியை மறைக்கும். ஒரு கையில் அரிவாள் இருக்கும். மற்றொரு கை பிடிக்கும் மட்டை பழுத்ததாகவோ வண்டு துளைத்ததாகவோ இருந்தால் அது அடியோடு கழன்று வந்துவிடும்.

ஆகவே அடி வரிசையில் தொங்கும் பழுத்த மட்டைகளை ஒருபோதும் பிடிக்கக் கூடாது. உள் வரிசையில் உள்ள பச்சை மட்டைகளை, அவை தண்டோடு சேரும் அடிப்பாகத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும். ஒரு மட்டையை மட்டும் நம்பி உடல் எடை முழுவதையும் கொடுக்கலாகாது. பன்னாடையைப் பிடிமானமாகக் கருதவே கூடாது.

இறங்கும் நேரமும் இதே போன்றதுதான். வேலை முடிந்த களைப்பில், பழகிய மரம் என்ற அலட்சியத்தில், தண்டைக் கட்டிக்கொண்டு சறுக்கி வருவோர் உண்டு. மார்பும் தொடையும் உராய்ந்து புண்ணாவதோடு, பாதி வழியில் பிடி தளர்ந்து விழவும் நேரும். ஏறிய அதே நிதானத்தோடு இறங்க வேண்டும்.

ஏறக் கூடாத மரங்கள்

ஏறும் முன் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்து அடி முதல் நுனி வரை பார்ப்பது இன்றியமையாதது. கீழ்க்கண்ட மரங்களில் ஏறலாகாது.

தண்டில் துளைகள் தென்பட்டு, அவற்றிலிருந்து பழுப்பு நிறச் சாறும் மென்ற நாரும் வெளிவந்தால் அது சிவப்புக் கூன்வண்டின் வேலையாகும். உள்ளே தண்டு கூடாகியிருக்கும். ஆளின் பாரம் ஏறியதும் கொண்டை சாய்ந்துவிடக் கூடும்.

நடுக்குருத்து வாடி, இழுத்தால் கையோடு வந்து நாற்றம் அடிக்கும் மரத்தில் குருத்தழுகல் உள்ளது. இம்மரத்தின் கொண்டையில் மட்டைகள் உறுதியாக இரா.

அடித்தண்டில் சாறு வடிந்து பட்டை அழுகியிருக்கும் மரம், அடியில் காளான் பூத்த மரம், இடி தாக்கிய மரம், தண்டு கூர்மையாகச் சிறுத்துப்போன மரம், வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்கும் மரம் ஆகியவையும் ஆபத்தானவை. இவற்றின் தண்டில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி இட்டுவிட்டால், தோப்புக்குப் புதிதாக வரும் மரமேறியும் தெரிந்துகொள்வார்.

ஏற வசதியாகத் தண்டில் படி வெட்டும் பழக்கம் சில தோப்புகளில் உண்டு. இதை அடியோடு கைவிட வேண்டும். வெட்டிய படியில் மழை நீர் தேங்கி, பாசி பிடித்து வழுக்கும். நாளடைவில் அழுகும். அந்த வெட்டுக்காயமே கூன்வண்டு முட்டையிட ஏற்ற இடமாகும். படி வெட்டுவதால் மரத்துக்கும் கேடு, ஏறும் மனிதனுக்கும் கேடு.

ஏறக் கூடாத நேரம்

மழை பெய்து தண்டு ஈரமாக இருக்கும்போதும், அதிகாலைப் பனி காயும் முன்பும் ஏறக் கூடாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெட்டு சில நாள் தள்ளிப் போவதால் நட்டம் ஒன்றும் வந்துவிடாது. முற்றிய காய் மரத்திலேயே இருக்கும், அல்லது தானாகவே விழும்.

இப்பகுதிக்கே உரிய மற்றோர் ஆபத்து காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வரும் காற்றின் வலிமைக்கு உடுமலை, பல்லடம், தாராபுரம் பகுதிகளில் நிற்கும் காற்றாலைகளே சான்று. அக்காற்றில் உயர்ந்த மரத்தின் கொண்டை பல அடி தூரம் ஆடும். அந்த மாதங்களில் வெயில் ஏறிக் காற்று வலுக்கும் முன், காலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். தொலைவில் இடி முழக்கம் கேட்டாலும் உடனே இறங்கிவிட வேண்டும்.

ஏறுபவரின் உடல்நிலையையும் கேட்டறிய வேண்டும். வலிப்பு, தலைச்சுற்றல், கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறலாகாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஏறினால், மேலே இருக்கும்போது சர்க்கரை குறைந்து மயக்கம் வரலாம். மது அருந்தியவரை எக்காரணம் கொண்டும் ஏற விடக் கூடாது. களைப்பும் மதுவைப் போன்றே கையின் பிடியைத் தளர்த்தும். தொடர்ந்து ஏறுபவருக்கு இடையிடையே ஓய்வும், தண்ணீரும், உப்பிட்ட மோரும் கொடுப்பது தோப்பு உடையவரின் பொறுப்பு.

இரண்டாவது பிடி

உயரத்தில் வேலை செய்வோருக்கான விதிகள் பல இருந்தாலும் அவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. ஒரு பிடி தவறினால் தாங்குவதற்கு மற்றொரு பிடி இருக்க வேண்டும்.

இலங்கையின் மேற்குக் கரையில், களுத்துறை, வாதுவை பகுதிகளில், கள் இறக்குவோர் ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்காமல் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதன் மேல் நடந்தே செல்கிறார்கள். பார்ப்பவருக்கு அது வித்தையாகத் தோன்றும். ஆனால் கூர்ந்து நோக்கினால் அங்கே எப்போதும் இரண்டு கயிறுகள் உண்டு. கீழ்க்கயிறு காலுக்கு, மேற்கயிறு கைக்கு. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைச் செய்பவர்களும் ஒற்றைக் கயிற்றை நம்புவதில்லை.

நம் மரமேறியின் நிலை என்ன? காலில் தளை உண்டு. ஆனால் தளை ஏறுவதற்குத்தான் உதவும், விழுபவரைத் தாங்காது. கொண்டைக்குப் போனதும் காய் வெட்ட ஒரு கையை விட்டுவிட வேண்டும். மற்றொரு கையே மீதம். அந்தக் கையும் நழுவினால் அவரை மரத்தோடு இணைக்க எதுவும் இல்லை. இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் பாதுகாப்பு பெல்ட்டும் அதனோடு இணைந்த கயிறும். அரிவாளை எடுக்கும் முன், கொண்டைக்குச் சற்றுக் கீழே தண்டைச் சுற்றிக் கயிற்றை வளைத்துப் பெல்ட்டில் மாட்டிவிட வேண்டும். கயிற்றை மட்டையிலோ குலைக்காம்பிலோ கட்டுவதால் பயனில்லை. அரிவாள் வீச்சில் கயிறு அறுபடாதவாறு வெட்டும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் கயிறு இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டைவிட, தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சேர்த்துத் தாங்கும் முழு உடல் பெல்ட் சிறந்தது. இடுப்பு பெல்ட்டுடன் ஒருவர் திடீரென விழுந்து தொங்கினால் வயிற்றிலும் முதுகிலும் அடிபடும். முழு உடல் பெல்ட்டில் அந்த அதிர்ச்சி உடல் முழுவதும் பரவிவிடும். எனினும் பெல்ட்டில் தொங்குபவரை நீண்ட நேரம் விட்டுவைக்கலாகாது. கால்களில் இரத்தம் தேங்கி மயக்கமும் உயிருக்கு ஆபத்தும் ஏற்படும். சில நிமிடங்களுக்குள் இறக்க வேண்டும். ஆகவே ஒருவர் மேலே இருக்கும்போது, ஏறத் தெரிந்த மற்றொருவர் இரண்டாவது கருவியுடன் தோப்பில் இருப்பது அவசியம். தனியாக யாரும் ஏறக் கூடாது.

மரம் ஏறும் கருவி

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் செம்பேரி என்னும் ஊரைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி உருவாக்கிய நின்று ஏறும் கருவி 'செம்பேரி மாடல்' என்ற பெயரில் தென்னிந்தியா முழுவதும் பரவியுள்ளது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உட்கார்ந்து ஏறும் வகைக் கருவியை உருவாக்கியுள்ளது. புதிதாகப் பழகுவோருக்கும் உயரம் கண்டு கூச்சப்படுவோருக்கும் உட்கார்ந்து ஏறும் வகை ஏற்றது. நின்று ஏறும் வகையில் விரைவாக ஏறலாம்.

கருவி வாங்கிவிட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. ஒவ்வொரு நாளும் ஏறும் முன் கம்பிக் கயிற்றைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஓர் இழை அறுந்து துணியில் சிக்கினாலும் அக்கயிற்றை மாற்றிவிட வேண்டும். முடிச்சுப் போட்டுச் சமாளிக்கலாகாது.

2. போல்ட்டு, நட்டு, கொக்கி, ரப்பர்ப் பிடி ஆகியவை தேய்ந்துள்ளனவா, தளர்ந்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

3. கம்பிக் கயிற்றின் வளையத்தை மரத்தின் பருமனுக்கு ஏற்ப அமைக்க வேண்டும். மேலே செல்லச் செல்லத் தண்டு மெலியும். வளையம் தளர்ந்தால் கருவி சாய்ந்து பிடி விடும். ஆதலால் இடையில் நின்று, பாதுகாப்புக் கயிறு மாட்டியிருப்பதை உறுதி செய்துகொண்டு, வளையத்தைச் சுருக்க வேண்டும்.

4. தரையிலிருந்து இரண்டடி உயரத்திலேயே உடலின் முழுப் பாரத்தையும் கொடுத்துச் சோதித்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

5. பாதுகாப்புக் கயிற்றைத் தரையிலேயே மாட்டிவிட வேண்டும். கொண்டைக்குப் போய் மாட்டிக்கொள்ளலாம் என்று ஏறக் கூடாது.

6. அரிவாளை இடுப்பில் உறையிட்டுச் செருகிக்கொள்ள வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது.

பனையின் அடிமரம் பருமன் அதிகம். மட்டையின் இருபுறமும் கருக்கு இருக்கும். தென்னைக்கென வாங்கிய கருவியின் வளையம் பனைக்கு எட்டுமா என்று பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். பதநீர் இறக்குபவர் அதே மரத்தில் நாள்தோறும் காலையும் மாலையும் ஏறுகிறார். ஆபத்தும் அந்த அளவுக்குப் பெருகுகிறது. ஆகவே பெல்ட்டும் கயிறும் பனை ஏறுவோருக்கு இன்னும் அவசியமானவை.

கதண்டும் மின்கம்பியும்

கொண்டையில் கதண்டு அல்லது மலைத்தேனீ கூடு இருப்பது தெரியாமல் ஏறுபவர், கொட்டு தாங்காமல் கையை விட்டுவிடுகிறார். கீழிருந்து சற்று நேரம் உற்றுப் பார்த்தால் பூச்சிகள் போவதும் வருவதும் தெரியும். கூடு இருந்தால் அந்த மரத்தை மட்டுமின்றிப் பக்கத்து மரங்களையும் விட்டுவிட வேண்டும். தீப்பந்தம் கொண்டு தாமே கூட்டைக் கொளுத்த முயலாமல், 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவிக்கலாம்.

மின்கம்பி அருகில் உள்ள மரத்தில், வெட்டிய பச்சை மட்டை கம்பி மேல் விழுந்தால் அதன் வழியாக மின்சாரம் பாயும். அலுமினியக் குழாயில் அரிவாள் கட்டிக் கீழிருந்து பறிப்போர் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குழாய் கம்பியைத் தொட்ட கணத்தில் உயிர் போய்விடும். இத்தகைய மரங்களில் வேலை செய்யும் முன் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொடங்க வேண்டும். புதிதாகக் கன்று நடும்போது மின்பாதையின் கீழ் நடுவதைத் தவிர்க்க வேண்டும்.

மரத்தடியில் நிற்போர்

மேலே இருப்பவருக்கு மட்டுமே ஆபத்து என எண்ணலாகாது. பப்புவா நியூகினியில் மருத்துவராகப் பணியாற்றிய பீட்டர் பார்ஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே ஒரு மாகாண மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளில் காயம்பட்டுச் சேர்க்கப்பட்டவர்களில் 2.5 சதவீதத்தினர் தேங்காய் விழுந்து அடிபட்டவர்கள் என்று குறித்துள்ளார். ஒன்றரைக் கிலோ எடையுள்ள மட்டைக்காய் 50 அடியிலிருந்து விழும்போது, அதுவும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில்தான் வருகிறது.

காய் பொறுக்கும் பெண்கள், மரமேறி இறங்கி அடுத்த மரத்துக்குப் போன பிறகே முந்தைய மரத்தின் அடிக்குச் செல்ல வேண்டும். பள்ளி விட்டு வரும் குழந்தைகளைத் தோப்புக்குள் விடக் கூடாது. மாடு கட்டுவதையும் தவிர்க்க வேண்டும். மரத்தடியில் முளைக்குச்சி, கல், முள்வேலித் துண்டு, சொட்டுநீர்க் குழாயின் இரும்புத் தாங்கி முதலியவை இருந்தால் முன்னதாகவே அகற்ற வேண்டும்.

ஏறும் தடவையைக் குறைத்தல்

ஏறாத மரத்திலிருந்து யாரும் விழுவதில்லை. எனவே ஏறும் தடவைகளைக் குறைப்பதும் பாதுகாப்பே. 45 நாளுக்கு ஒரு வெட்டு என்பதை 60 நாளாக்கினால், ஆண்டுக்கு 8 வெட்டு 6 ஆகும். ஒரு ஏக்கரில் 560 ஏற்றம் 420 ஆகக் குறையும். கொப்பரைக்குக் காய் நன்கு முற்றுவதும் நல்லதே.

மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் காய் வெட்டுவது, காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் நீக்குவது, காண்டாமிருக வண்டுக்காக மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து இடுவது ஆகிய வேலைகளை ஒன்றாகவே முடித்துவிட வேண்டும். தென்னை டானிக்கை வேர் மூலம் கொடுக்கலாம். அதற்கு ஏற வேண்டியதில்லை. வண்டுகளைக் கவரும் இனக்கவர்ச்சிப் பொறிகளையும் கைக்கெட்டும் உயரத்திலேயே வைக்கலாம்.

புதிதாகத் தோப்பு வைப்போர் குட்டை இரகங்களையும், நெட்டை - குட்டை கலப்பின இரகங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குட்டை இரகங்கள் மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்ப்புக்கு வருவதோடு, பல ஆண்டுகள் வரை தரையில் நின்றோ சிறு ஏணி வைத்தோ பறிக்கும் உயரத்திலேயே இருக்கும். இளநீருக்குத் தோப்பு வைப்போருக்கு இவை மிகவும் பொருத்தமானவை.

விழுந்தவரைத் தூக்கும் முறை

விழுந்தவரைக் கண்டதும் பதறிப்போய் அக்குளில் கை கொடுத்து உட்கார வைப்பதும், தண்ணீர் புகட்டுவதும், இருவர் நடுவே பைக்கில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவதும் நடைமுறையில் காணப்படுகின்றன. நல்லெண்ணத்தால் செய்யப்படும் இக்காரியங்களே சில சமயம் வாழ்நாள் முடக்கத்துக்குக் காரணமாகின்றன.

உயரத்திலிருந்து விழுபவருக்கு முதுகெலும்பு முறிந்திருக்கக் கூடும். காலூன்றி விழுந்தால்கூட, குதிகாலில் பட்ட அதிர்ச்சி மேலேறி முதுகெலும்பை நொறுக்கும். முறிந்த எலும்பின் நடுவே தண்டுவடம் சிதையாமல் இருக்கும் நேரத்தில் அவரை வளைத்து உட்கார வைத்தால், எலும்புத் துண்டு தண்டுவடத்தைக் குத்திவிடும். அதன் பிறகு கால்கள் செயலற்றுப் போகலாம். சிறுநீர், மலம் கழிக்கும் கட்டுப்பாடும் போய்விடலாம்.

ஆகவே விழுந்தவரை விழுந்த நிலையிலேயே அசையாமல் இருக்கச் செய்ய வேண்டும். ஒருவர் தலையை இருபுறமும் பிடித்துக் கழுத்து திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தோப்பின் பெயர், வரும் வழி ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லி, ஓர் ஆளைத் தார்ச்சாலைக்கு அனுப்பி வழிகாட்டச் செய்ய வேண்டும். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வாய் வழியாக எதையும் கொடுக்கலாகாது.

மின்கம்பி அறுந்து கிடப்பது போன்ற ஆபத்தால் இடம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் மின்சாரத்தை நிறுத்தச் செய்துவிட்டு, நான்கு பேர் சேர்ந்து தலை, கழுத்து, முதுகு, கால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு ஒரு மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் புரட்டி, பலகை அல்லது கழற்றிய கதவின் மேல் படுக்க வைக்க வேண்டும். கயிற்றுக் கட்டிலிலோ போர்வைத் தூளியிலோ தூக்கினால் நடுவில் முதுகு வளைந்துவிடும்.

தண்டுவடம் பாதிக்கப்பட்டவரை 'இனி ஒன்றும் இல்லை' என்று மூலையில் கிடத்திவிடுவதும் தவறு. 1954இல் சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை மருத்துவராகப் பணி தொடர்ந்தார். அவர் முயற்சியால் வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1975இல் கடற்படைத் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்ட எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், உரிய பயிற்சி அளிப்பதும் இத்தகையோரின் வாழ்வை மீட்க உதவும்.

பயிற்சியும் காப்பீடும்

தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்னும் பயிற்சித் திட்டத்தைக் கேரளத்தில் தொடங்கியது. பின்னர் அது பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. ஆறு நாள் பயிற்சியில் கருவி கொண்டு ஏறும் முறையோடு, பூச்சி, நோய் அறிதல், முதலுதவி ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன. பெண்களும் இப்பயிற்சி பெற்று ஏறுகிறார்கள். ஊருக்கு நான்கு இளைஞர்கள் இப்பயிற்சியைப் பெற்றுவிட்டால், அவ்வூர்த் தோப்புகளின் ஆள் பற்றாக்குறையும் தீரும். பயிற்சி நடைபெறும் இடம், நாள் பற்றி வேளாண் அறிவியல் நிலையத்திலும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்டறியலாம்.

மரம் ஏறுவோருக்கென அதே வாரியம் 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டை நடத்துகிறது. அதன் பிரீமியத்தில் பெரும் பங்கை வாரியமே ஏற்கிறது. பனை ஏறுவோருக்குத் தனி நல வாரியம் உண்டு. இவை தவிர, 2015இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரையுள்ள எவரும் தம் வங்கிக் கணக்கு மூலம் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் உயிரிழந்தாலோ முழுமையாக முடங்கினாலோ 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 20 ரூபாய்க்கு வேண்டிய ஒரு கையெழுத்து இல்லாமையால் ஒரு குடும்பம் அத்தொகையை இழக்க வேண்டியதில்லை. வழக்கமாக வரும் மரமேறியை வங்கிக்கு அழைத்துச் சென்று சேர்த்துவிடுவதைத் தோப்பு உடையவர் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். தாமே ஏறும் உழவர் தமக்கும் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

கருவி, பெல்ட், கயிறு ஆகியவற்றைத் தனியாக வாங்க இயலாத சிறு உழவர்கள், பக்கத்துத் தோட்டத்தார் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் இதைச் செய்யலாம். அடுத்த வெட்டுக்கு ஆளைச் சொல்லி அனுப்பும் முன், பெல்ட் இருக்கிறதா, கயிறு நல்ல நிலையில் இருக்கிறதா, துணைக்கு இரண்டாவது ஆள் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு 'இல்லை' என்று விடை வந்தாலும் வெட்டைத் தள்ளிப் போடுவதே முறை. காய் இன்னும் ஒரு வாரம் மரத்தில் காத்திருக்கும்.